பொட்டு வைக்காத பெட்டி

என்னை யாராவது குறை சொன்னால் முதலில் காது சூடாகும். பிறகு வாய் திறக்கும். வாய் திறந்த பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட ஒருத்தி பிளாஸ்டிக் சாமான்களுக்கு வடிவம் போடும் வேலையில் பதினாறு வருடம் தாக்குப் பிடித்திருக்கிறாள் என்றால், அதற்கு முதலாளியின் பொறுமையைத்தான் பாராட்ட வேண்டும். எங்கள் கம்பெனி சின்னது. வாளி, குவளை, மீன் கிரேட்டு, ஐஸ் பெட்டி, இந்த மாதிரி. நான் கம்ப்யூட்டரில் படம் போடுவேன். அதை வைத்து மாதிரி ஒன்று செய்து பார்ப்போம். எல்லாம் சரியென்றால் இரும்பில் மோல்டு, அதாவது அச்சு, வெட்டப் போகும். மோல்டு வெட்டியாகிவிட்டால் முடிந்தது கதை. அதன் பிறகு தப்பு தெரிந்தாலும், அதே தப்போடு ஆயிரம் ஆயிரமாக வந்து விழுந்துகொண்டிருக்கும்.

அதனால் முதலாளி ஒரு விதி வைத்திருந்தார். மோல்டுக்குப் போகும் முன், அந்தச் சாமானைச் செய்ததில் கை வைக்காத ஒருவர் அதைப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். வரைந்தவரும் கூடாது, அவரோடு உட்கார்ந்து டீ குடித்தவரும் கூடாது. வெளி ஆள். டிசைன் ரிவியூ என்று அதற்கு ஒரு படிவம் உண்டு. குறைகளை எழுத ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டிருக்கும். கீழே பார்த்தவர் கையெழுத்து. அது இல்லாமல் டூல் ரூமுக்குப் படம் போகாது. முன்னொரு காலத்தில் ஒரு டப்பா மூடி ஈரக்கையால் திறக்க வராமல், கடைக்காரர்கள் எல்லோரும் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்களாம். அந்தச் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு அந்தப் படிவத்தைக் கண்டாலே ஆகாது. நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்றைச் செய்வேனாம். யாரோ ஒருவர் அரைமணி நேரம் வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இது சரியில்லை அது சரியில்லை என்பாராம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியில் உப்பில்லை என்று சொல்வது போல இருக்கும்.

நான் பிறந்தது பழவேற்காட்டுக்கு அப்பால், கடலோரக் குப்பத்தில். வலைக்காரர் வீடு. நைனாவிடம் ஃபைபர் படகு இருக்கிறது. கடலுக்குப் போவார், காற்று சரியில்லாத நாளில் ஏரியில் வலை விடுவார். கல்யாணமாகி நான் அனுப்பம்பட்டுக்கு வந்துவிட்டேன், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீடு. வேலை நாளில் ரயில். ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னேரி போய் பஸ் பிடித்து அம்மா வீடு.

ஏரிக்கரை ஊர்களில் கையால் இறால் பிடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். தலை மட்டும் வெளியே தெரியும். இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். இறால் தட்டினால் அப்படியே அமுக்கிப் பிடித்துப் பறியில் போடுவார்கள். பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. அதன் கயிற்றை எப்போதும் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் இரண்டு கைக்கும் தண்ணீருக்குள் வேலை இருக்கிறது. மணிக்கணக்கில் அப்படியே.

சின்ன வயதிலிருந்து படகில் போகும்போதெல்லாம் அந்தத் தலைகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர, ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் குப்பத்தில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் வலைக்காரர்கள், அவர்கள் கையால் தடவுகிறவர்கள் என்று ஒரு கோடு யாரும் போடாமலே போட்டிருந்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிறு பழவேற்காடு மார்க்கெட்டில் ஒரு பெண்ணிடம் இறால் வாங்கினேன். அவளுக்கு முன்பல் இரண்டும் முன்னால் தள்ளியிருந்தன. விலை சொல்லும்போதே தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே பெட்டி தோன்றிவிட்டது. தண்ணீரில் மிதக்கிற ஒரு பெட்டி. அடியில் ஓட்டைகள், இறால் உயிரோடு இருக்கும். மேலே ரப்பர் வாய், உள்ளே போகும், வெளியே வராது. பெட்டியிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் இடுப்புப் பட்டை, ஸ்கூல் பையில் இருக்கிற மாதிரி டக்கென்று பூட்டிக்கொள்ளும் பக்கிள். பல்லுக்கு விடுதலை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன், திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அவர் உடனே சரி என்றார். தோணிரேவுப் பக்கத்து மகளிர் குழு ஒன்று முதல் நாற்பது பெட்டிகளைத் தன் பெண்களுக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியது.

எட்டு மாதம் வேலை செய்தேன். கம்பெனியின் சோதனைத் தொட்டியில் நானே இறங்கி, பட்டையைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். பெட்டி நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. கடைசி மாதிரி வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளை வெளேரென்று, மூலையெல்லாம் வழவழவென்று இருந்தது. குப்பத்தில் பிறந்த கைக்கு அதற்கு மேல் சொல்லித் தர வேண்டியதில்லை. மஞ்சள் தடவி, நான்கு பக்கமும் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

வெளி ஆளாக முதலில் வேறொரு கம்பெனி எஞ்சினியரைக் கூப்பிட்டார்கள். மூலையில் கனம் போதாது என்றார். சரியாகத்தான் சொன்னார், படத்தில் மாற்றினேன். ஆனால் அவர் ஏரியில் கால் நனைத்தவர் இல்லை. தண்ணீரில் புழங்குகிற ஆள் ஒருவர் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. எங்கள் ஊரே தண்ணீரில்தான் சார் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன்.

குப்பமே கூடிவிட்டது. கையில் வாங்கினார்கள், திருப்பினார்கள், தட்டிப் பார்த்தார்கள். "சோக்கா கீதும்மா" என்றார்கள். "குறை இன்னா கீது, அத்த சொல்லுங்க" என்று நானும் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நைனா மட்டும் அந்தப் பக்கிளை இரண்டு தடவை பூட்டித் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். பெட்டியின் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

"நல்லா கீது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏழு கையெழுத்து. குறைகள் என்ற இடத்தில் "ஏதும் இல்லை" என்று என் கையாலேயே எழுதினேன்.

முதலாளி படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏழு பேர் பாத்தாங்களா?"

"ஆமா சார்."

"ஒருத்தருக்குக்கூட ஒரு குறை தெரியலையா?"

"நல்லா செஞ்சிருந்தா குறை எப்படி சார் தெரியும்?"

"ஏம்மா, நீ ஒரு புடவை வாங்கிட்டுப் போனாலே உங்க வீட்டுல ரெண்டு குறை சொல்லுவாங்க. எட்டு மாசம் செஞ்ச பெட்டிக்கு ஒண்ணு கூடவா இல்ல? அவங்க பாக்கலம்மா. உன்னப் பாத்திருக்காங்க." படிவத்தை என் பக்கம் தள்ளினார். "கையால பிடிக்கறவங்கதான இத்தக் கட்டிக்கப் போறாங்க? அவங்கள்ல ஒருத்தர்கிட்ட போ. உனக்குச் சொந்தமா இருக்கக் கூடாது. வர்ற திங்கக்கிழமை மோல்டு வெட்ட எடுக்கறாங்க. அதுக்குள்ள கொண்டா."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் சுருக்கென்று குத்தியது. கட்டிக்கொள்ளப் போகிற பெண்களில் ஒருத்தியிடம்கூட நான் இதுவரை பெட்டியைக் கொடுக்கவில்லை.

மகளிர் குழுத் தலைவியிடம் போனில் கேட்டேன். நன்றாகக் குறை சொல்லத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒருத்தியைச் சொன்னார். "அவகிட்ட போனா பேஜாருதான். நீயே கேட்ட, அப்பால என்னியச் சொல்லாத" என்றும் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் அவளைப் பார்க்க ஏரிக்கரைக்குப் போனேன். தண்ணீர் வற்றியிருந்த நேரம். என்னைவிட நாலைந்து வயது குறைந்தவள், ஒடிசலான உடம்பு. புடவை மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். என்னை வா என்றும் கேட்கவில்லை. நேராகப் பெட்டியைப் பார்த்தாள். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை போனாள். குனிந்து ஒரு கை மண் அள்ளினாள். நான் வைத்திருந்த மஞ்சள் குங்குமத்தை, நான்கு பக்கமும், பாத்திரம் தேய்ப்பது மாதிரி தேய்த்துக் கழுவினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா! சாமிக்கு வச்சது, அத்தப் போயி..."

"உங்க குப்பத்துல காட்டினியாமே. யார்னா ஒரு குத்தம் சொன்னாங்களா?"

"இல்ல."

"எப்டி சொல்லுவாங்க? பொட்டு வச்சி எடுத்தாந்தா யாரு வாய் வைப்பாங்க? உங்க வழக்கம் எனக்குத் தெரியாதா? மார்க்கெட்டுல எத்தினி வருசமா கீறேன்." பெட்டியை ஒரு முக்கு முக்கி எடுத்தாள். "கழுவிட்டேன். இப்ப சொல்லலாம்ல?"

எனக்குத் தெரியாத வழக்கமா அது? குப்பத்தில் புதுப் படகோ, புது வலையோ, புது எஞ்சினோ வந்தால், மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டும் வரைக்கும் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பலகை கோணல் என்பார்கள், முன்பக்கத்து அணியம் தூக்கல் என்பார்கள், கட்டினவனுக்குக் கண் தெரியுமா என்று கேட்பார்கள். பொட்டு வைத்துவிட்டால் தீர்ந்தது. அதன் பிறகு ஒரு வார்த்தை சொன்னால் வாய் வைத்ததாக ஆகிவிடும். நாளைக்குக் கடலில் ஏதாவது ஆனால் சொன்னவன் தலையில் விழும். இதெல்லாம் தெரிந்தும் நான் பொட்டு வைத்த பெட்டியைக் கொண்டுபோய்க் குறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். என்னைப் போன்ற ஒரு குப்பத்துக்காரி மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம்.

அவள் பட்டையை இடுப்பில் பூட்டிக்கொண்டு ஏரிக்குள் நடந்தாள். தூரத்தில் போய்க் குந்தினாள். அவள் தலையும் பெட்டியும்தான் தெரிந்தன. ரொம்ப நேரம் தடவினாள். நான் கரையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது பெட்டிக்குள் இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. பார்த்தாயா என்று நான் மனதுக்குள் துள்ளினேன்.

"எழுதிக்கிறியா?" என்றாள்.

வெள்ளை நிறம் வேண்டாம், பருந்து வட்டம் போடுகிறது. ரப்பர் வாயில் இறாலின் கொம்பு மாட்டுகிறது, எடுக்க இரண்டு கை வேண்டியிருக்கிறது. அடி ஓட்டையில் நண்டுக்குஞ்சு காலை விட்டுக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. காற்றடித்தால் பெட்டி முன்னால் வந்து மூக்கில் இடிக்கிறது. ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னாள், சந்தையில் பூ கோத்துப் போடுவது மாதிரி. ஒன்றில்கூட என்னை மட்டம் தட்டவில்லை. பல்லு வலிக்கவே இல்லை, அது நல்லா கீது என்பதையும் மறக்காமல் எழுதச் சொன்னாள். மொத்தம் ஒன்பது குறைகள் ஆகியிருந்தன. எல்லாம் மாற்றக் கூடியவைதான் என்று நான் தைரியமாக இருந்தேன்.

பிறகு பக்கிளைத் தொட்டாள்.

"இத்த எப்டி அவுக்கறது?"

"ரெண்டு பக்கமும் அமுக்கணும். டக்குனு வந்துடும்." செய்து காட்டினேன்.

"இங்க வருது. தண்ணிக்குள்ள?"

"அங்கயும் இப்டித்தான். நானே தொட்டியில எறங்கிப் பாத்திருக்கேன்."

"நின்னுக்கினா, ஒக்காந்துக்கினா?"

எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் தண்ணீரில் உட்காரவில்லை. நின்றேன், நடந்தேன். வலைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தண்ணீரில் குந்துவது என்ற எண்ணமே வந்ததில்லை.

"எறங்குக்கா" என்றாள்.

"நானா?"

"நீதான செஞ்ச?"

புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். பட்டையை என் இடுப்பில் பூட்டினாள். குந்தச் சொன்னாள். தண்ணீர் தாடைக்கு வந்தது. இரண்டு கையையும் சேற்றில் விடச் சொன்னாள், விட்டேன். "இப்ப மடுவுல, பள்ளத்துல கால் வச்சிட்ட" என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் பிடித்து ஒரே இழு இழுத்தாள். அடித்தண்ணீர் இழுப்பது போல, நிறுத்தாமல் இழுத்தாள். நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். வாய்க்குள் உப்புத்தண்ணீர். கை பக்கிளைத் தேடியது. அது முன்பக்கம் இல்லை, கயிறு இழுத்ததில் முதுகுக்குப் போயிருந்தது. கிடைத்தபோது மேலே புடவை சுற்றிக்கொண்டிருந்தது. விரலெல்லாம் சேறு, அமுக்கினால் வழுக்கியது. "புடி!" என்று கத்த நினைத்தேன், வாய்க்குள் இன்னும் தண்ணீர் போனது. என் பெட்டி என்னை விடவில்லை.

அவள் என் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். இடுப்பளவுத் தண்ணீர்தான். நின்றுகொண்டு இருமினேன். அவள் என் முதுகில் தட்டவில்லை. கரையில் கிடந்த தன் பறியை எடுத்து வந்து கயிற்றை என் வாயருகே நீட்டினாள்.

"கடி."

கடித்தேன். குந்தினேன். மறுபடியும் இழுத்தாள். நான் "ஐயோ" என்றேன். அவ்வளவுதான். பறி அவள் கையில் இருந்தது, நான் தனியாக, நேராக உட்கார்ந்திருந்தேன்.

"பாத்தியா? பயந்தா வாயத் தொறப்போம். தொறந்தா பறி போயிடும். நாம கீறோம்" என்றாள். "பல்லு வலிதான். இல்லன்னு சொல்லல. ஆனா அது நம்மள வுட்டுடும்க்கா. உன்னுது வுடல."

பல்லில் கடிப்பதை நான் கொடுமை என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். அதற்குள் இப்படி ஒரு பூட்டு, இப்படி ஒரு சாவி இருந்ததை எட்டு மாதத்தில் நான் காணவில்லை. அவள் அதை அரைநாளில் எனக்குக் காட்டினாள், அதுவும் என்னையே உட்கார வைத்து.

உடனே ஞானம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மடுவில் எல்லோருமா கால் வைக்கிறார்கள், உனக்குப் பெட்டி பிடிக்கவில்லை, அதனால்தான் இப்படி என்றெல்லாம் கத்தினேன். அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ கோச்சிக்கோ. நாப்பது பேரு கட்டப் போறோம். எங்க ஊருல எல்லாருக்கும் புள்ளைங்க கீது" என்றாள்.

படிவத்தை எடுத்தேன். பத்தாவது குறையை அவள் சொல்ல நான் எழுதினேன். "ஆபத்தில் அவிழாது." அவள் கையெழுத்துப் போட்டாள்.

கரையில் சேறு சொட்டச் சொட்ட நின்றுகொண்டு முதலாளிக்குப் போன் செய்தேன். மோல்டு வெட்ட வேண்டாம் என்றேன். காரணம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீ நல்லா இருக்கியா? வீட்டுக்குப் போய் தலையைத் துவட்டு" என்றார். அந்த மனிதர் மேல் அன்றைக்கு எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

ஆனால் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஈரப் புடவையோடு நேராகக் குப்பத்துக்குப் போனேன். நைனா வலை ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"நைனா, அன்னிக்கு நீ அந்தப் பூட்டப் பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"இன்னா தோணிச்சி?"

"சேத்துக்கையோட தொறக்க வராதுனு தோணிச்சி."

"அப்ப ஏன் சொல்லல? நான் மூழ்கியிருப்பேன் தெரியுமா?"

"பொட்டு வச்சி, கற்பூரம் காட்டி எடுத்தாந்துட்ட. பெத்த பொண்ணு பொருளு மேல நானே வாய் வைக்கறதா?" அவருக்கும் கோபம். "நம்ம படகு வந்தப்ப நான் இன்னா பண்ணேன்? பொட்டு வைக்கறதுக்கு முன்னாடி, எனக்கு ஆகாதவனா ஒருத்தனத் தேடிப் புடிச்சிக் கூட்டியாந்து காட்டல? அவன்தான ஒயுங்கா பாப்பான்?"

அது எனக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்துக் குப்பத்து ஆள், நைனாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். படகைச் சுற்றிச் சுற்றி வந்து வாய்க்கு வந்ததைச் சொன்னார். நைனா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அவர் சொன்ன இரண்டு இடத்தைச் சரிசெய்த பிறகுதான் மஞ்சள் அரைத்தார்கள். முதலாளியின் படிவம் எங்கிருந்தோ வந்த தொல்லை என்று நான் முறைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குப்பம் எழுத்தில்லாமல் அதையே செய்துகொண்டிருந்தது. நைனாவிடம் இதைச் சொன்னேன். "அத்தத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு எனக்கு மாற்றுப் புடவை கொடுக்கச் சொன்னார்.

அடுத்த இரண்டு மாதம் அந்த ஒரு பூட்டுக்காகவே வேலை செய்தேன். பக்கிளை எறிந்தேன். பட்டையில் ஒரு உறை, கயிற்று நுனியில் ஒரு முளை. உறைக்குள் முளை செருகியிருக்கும். சாதாரணமாக இழுத்தால் நிற்கும். வேகமாகவோ கனமாகவோ இழுத்தால் தானே உருவிக்கொள்ளும். கை வைக்கவே வேண்டாம். எவ்வளவு இழுத்தால் விட வேண்டும் என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் தேடவில்லை. அவள் தண்ணீரில் குந்தியிருக்க, நான் ஸ்பிரிங் தராசு வைத்து இழுத்தேன். "இன்னும்... இன்னும்... இப்ப வுடணும்" என்பாள். நான் முள்ளைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். அப்படிப் பத்துப் பெண்களிடம் செய்தோம். ஒவ்வொரு முறையும் நானும் ஒரு தடவை குந்தினேன். மூன்று மாதிரிகளை அவள் வேண்டாம் என்றாள். நான்காவதில் குறைகள் பக்கம் காலியாக இருந்தது. அவளே அதன் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டாள். மோல்டு வெட்டினார்கள். பெட்டி சேற்று நிறத்தில் வந்தது.

முதலாளிக்கு அவளை அப்படியே விட மனசில்லை. கம்பெனியில் சேர்ந்துகொள்ளட்டும், உன்னோடு உட்கார்ந்து வடிவம் போடட்டும் என்றார். நான் ஆசையோடு போய்ச் சொன்னேன். உண்மையில் எனக்கு அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"வேணாங்க்கா" என்றாள். "உன்னாண்ட ஒக்காந்து நானும் செஞ்சேன்னு வச்சிக்கோ, அப்பால எனக்கும் அது சோக்காதான் தெரியும். யாரு கழுவறது?"

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ரயிலில் வரும்போது யோசித்துப் பார்த்ததில், அவள் சொன்னதை மறுக்க எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. வேலையை வேண்டாம் என்று சொல்லும்போதும் என் வேலையைப் பற்றித்தான் அவள் யோசித்திருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், அனுப்பம்பட்டு பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, உன் பெட்டி போச்சி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "போச்சுனா? முளை தானா உருவிக்கிச்சா? நீதான இவ்ளோ இழுத்தாப் போதும்னு சொன்ன? நான் அப்பவே இன்னும் கொஞ்சம் இறுக்கமா வச்சிருப்பேன், நீதான் கேக்கல..." இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"முகத்துவாரத்துப் பக்கம் போனேன். தண்ணி இழுப்பு ஜாஸ்தி. மடுவுல கால் வச்சிட்டேன். பெட்டி ஒரு பக்கமா இழுத்துச்சி. முளை வுட்டுச்சி. பெட்டி போச்சி." மூச்சு வாங்கினாள். "நான் கீறேன்."

ரயில் வந்தது, நின்றது, போனது. நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். இறுக்கமாக வைத்திருப்பேன் என்று சற்று முன்தான் சொன்ன அதே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்த ஞாயிறு அவள் ஊருக்குப் போனேன். அதற்குள் பெட்டியும் வீடு வந்து சேர்ந்திருந்தது. எங்கள் குப்பத்துக்காரர் ஒருவரின் வலையில் மாட்டியிருந்ததாம், அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாராம். வாசலில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதன் நான்கு பக்கமும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தது. நான் வைத்ததல்ல, அவள் வைத்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தப் படிவத்திலும் எனக்கு அப்படி ஒரு கையெழுத்து கிடைத்ததில்லை.

"இனிமே குத்தம் சொல்ல மாட்டியா?" என்று கேட்டேன்.

"இத்த சொல்ல மாட்டேன்." அவள் கண் என் தோளில் தொங்கிய பையின் மேல் இருந்தது. "அதுல இன்னா?"

பையில் அடுத்த மாதிரி இருந்தது. நண்டு பிடிப்பவர்களுக்காக வேறு மூடி போட்ட பெட்டி. அதில் மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. எடுத்துக் கொடுத்தேன். நான் படிவத்தைத் தேடி எடுப்பதற்குள் அவள் ஏரிக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் பின்னால் இறங்கினேன்.